சுமதியின் வாரத்தில் மூடிய வெப்சைட்

போன மாதம் ஒரு சனிக்கிழமை. மறுநாள் சம்பந்தி வீட்டார் சாப்பிட வருகிறார்கள். நண்டுக் குழம்பு என்று நானே போன் போட்டுப் பெருமையாகச் சொல்லிவிட்டேன். எங்கள் வீட்டில் நண்டு என்றால் பழவேற்காட்டு ஏரி நண்டுதான். மார்க்கெட்டில் விற்பதை எங்கள் வீட்டுக்காரர் நண்டு என்றே ஒப்புக்கொள்ள மாட்டார். வாங்கிக்கொண்டு வரவும் மாட்டார், அது வேறு விஷயம்.

வழக்கம்போல மொபைலை எடுத்தேன். ஏரிக்கரையில் இருக்கிற கோட்டைக்குப்பத்துப் பெண்கள் சிலர் சேர்ந்து ஒரு வெப்சைட் நடத்துகிறார்கள். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் ஆர்டர் போட்டால் ஞாயிறு காலையில் பிடித்தது ஐஸ் பெட்டியில் வீட்டுக்கு வந்துவிடும். நண்டு, இறால், மடவை மீன்... ஏரி எதைக் கொடுக்கிறதோ அது. கொடுக்கவில்லை என்றால் ‘இன்னைக்குக் காத்து சரியில்லை, மடவை கிடையாது’ என்று எழுதிப் போட்டுவிடுவார்கள். எந்தப் பெரிய கடை இப்படிச் சொல்லும்? அந்த ஒரு வரிக்காகவே நான் அவர்களுக்கு நிரந்தர வாடிக்கை.

அன்றைக்குப் பக்கம் திறந்தது. நண்டைக் காணோம். இறாலைக் காணோம். வெள்ளைத் திரையில் ஒரே ஒரு வாக்கியம் — ‘இந்தக் கணக்கு நிறுத்திவைக்கப்பட்டுள்ளது.’

யார் நிறுத்தினார்கள்? ஏன்? எப்போது திறக்கும்? ஒன்றும் கிடையாது. சம்பந்தியம்மாவின் முகம்தான் முதலில் நினைவுக்கு வந்தது. உடனே கன்னியம்மாவுக்குப் போன் போட்டேன்.

கன்னியம்மாதான் அந்தப் பெண்கள் குழுவின் தலைவி. ஏலக் கொட்டகையில் நின்று விலை சொல்லிப் பழகிய குரல். அவளோடு பேசும்போது நான் மொபைலைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் பிடிப்பேன்.

“இன்னாக்கா சொல்றது... கடைக்குப் பூட்டு போட்டுட்டானுங்க!”

“யாரு?”

“அந்த எடம் குட்த்தவனுங்கதான். போன் பண்ணா ‘ஒண்ணை அழுத்து, ரெண்டை அழுத்து’ன்றான். அழுத்தி அழுத்தி விரலே தேஞ்சி போச்சி. மனுஷன் எவனும் பேச மாட்றான்.”

இடம் கொடுத்தவன் என்று அவள் சொன்னது ஹோஸ்டிங் கம்பெனியை. தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. வெப்சைட் நம்முடைய கடை. ஆனால் கடை இருக்கும் கட்டடம் வேறொருவனுடையது. வருடத்துக்கு இவ்வளவு என்று வாடகை கட்டுகிறோம். அந்தக் கட்டடக்காரன்தான் ஹோஸ்டிங் கம்பெனி. இவர்கள் வாடகையும் ஒழுங்காகக் கட்டியிருக்கிறார்கள். அப்புறமும் பூட்டு!

“சரி, இந்த வாரம் யாரோட முறை?” என்று கேட்டேன்.

கன்னியம்மாவின் குரல் கொஞ்சம் இறங்கியது. “சுமதிதுக்கா. மொதோ மொறை. காலைல அவ கைக்குப் போச்சி... மதியத்துக்குள்ள கடை மூடிக்கிச்சி. இங்க ஆளாளுக்கு ஒண்ணு பேசறாளுங்க.”

என்ன பேசுகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. தெரியாதா என்ன? அவள் கை வைத்தாள், போயிற்று. இதைத்தான் பேசுவார்கள். எனக்குச் சுர்ரென்று வந்தது.

இங்கே இரண்டு விஷயம் சொல்லியாக வேண்டும். ஒன்று, முறை. இரண்டு, சுமதி.

ஏரியில் எல்லா இடமும் ஒன்றல்ல. சில இடத்தில் இறால் குவியும், சில இடத்தில் வலை நனைவதுதான் மிச்சம். வலுத்தவனே நல்ல இடத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றவன் என்ன செய்வான்? அதனால் நல்ல இடங்களில் முறை வைத்திருக்கிறார்கள். இன்று இந்த இடம் உனக்கு, நாளை எனக்கு. இதற்குப் பாடு என்று பெயர். உன் பாடு முடிந்ததும் வலை கட்ட நீ ஊன்றிய கொம்பைப் பிடுங்கிக்கொண்டு போய்விட வேண்டும். அடுத்தவன் வந்து தன் கொம்பை ஊன்றுவான். இதில் சண்டை வந்தால் ஊர்ப் பஞ்சாயத்து.

பெண்கள் வெப்சைட் ஆரம்பித்தபோது, யார் அதைப் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி வந்தது. என்னைப் போன்ற ஆள் என்றால் ஒரு மேனேஜரைப் போட்டிருப்பேன். அவர்களோ யோசிக்கவே இல்லை. பாடு வைத்துவிட்டார்கள்! வாரம் ஒருத்தி. அந்த வாரம் கடையில் என்ன போடுவது, எந்தப் படத்தை வைப்பது, யாருக்கு முதலில் அனுப்புவது எல்லாம் அவள் இஷ்டம். சனிக்கிழமை காலையில் ஏலக் கொட்டகையில் கூடி அடுத்தவளுக்கு முறை மாற்றுவார்கள். தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி... வெப்சைட்டுக்குக் கற்பூரம் காட்டுகிற ஊர் வேறெங்காவது உண்டா சொல்லுங்கள்.

இனி சுமதி. பொன்னேரிப் பக்கம் நெல் விளைகிற கிராமத்துப் பெண். கோட்டைக்குப்பத்து முரளியைக் காதலித்துக் கட்டிக்கொண்டாள். அவன் ஏரியில் நண்டு பிடிப்பவன். அவளுடைய அப்பா, அவள் பாஷையில் நைனா, அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டார். இந்தப் பக்கமும் லேசில் வாசல் திறக்கவில்லை. ‘கரையில பொறக்காதவளுக்குப் பாடா?’ என்று கேட்டார்கள். ஐஸ் உடைத்தாள், பெட்டி கட்டினாள், என்னைப் போன்றவர்களுக்குப் போன் போட்டு ‘அக்கா, உங்க வீட்டு கேட் பச்சை கலர்தானே?’ என்று விலாசம் சரிபார்த்தாள். வருஷக்கணக்காக இதைத்தான் செய்தாள். கன்னியம்மா ஒருநாள் மேஜையைத் தட்டி, ‘இனிமே இவளுக்கும் பாடு உண்டு’ என்று சொன்ன பிறகுதான் வரிசையில் சேர்த்தார்கள்.

அந்த முதல் முறை வந்த நாளில்தான் பூட்டு.

கன்னியம்மாவிடம் பேசிவிட்டு வைக்கிறேன், சுமதியே கூப்பிட்டாள். அழுது முடித்த குரல்.

“அக்கா, ஒண்ணு கேக்குறேன், உண்மைய சொல்லுங்க. மீன் கடையில அரிசி போடக் கூடாதுன்னு ஏதாவது சட்டம் கீதா?”

“என்ன அரிசி?”

கதை வெளியே வந்தது. தன் முறை வருகிறது என்று தெரிந்ததும் அவள் வீட்டுக்குப் போன் போட்டிருக்கிறாள். அம்மாதான் எடுத்தார். ‘எங்க கடையில இந்த வாரம் நான்தான். நம்ம நெல அரிசியப் போட்டு விக்கட்டுமா, நைனாவ கேளு’ என்றிருக்கிறாள். பதில் வரவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை காலையில் ஏலக் கொட்டகை முன்னால் ஒரு டிவிஎஸ் வந்து நின்றது. பின்னால் ஒரு மூட்டை அரிசி. நைனா மூட்டையை இறக்கினார்...

“ஒரு வார்த்தை பேசலக்கா. தண்ணி குடின்னேன். காதுல வாங்கல. வண்டிய ஆஃப் கூடப் பண்ணல. ஓடிக்கினே இருந்திச்சி. மூட்டைய எறக்கிட்டு அப்டியே போய்ட்டாரு. ஆனா வந்தாரு இல்ல? கல்யாணத்துக்கப்பறம் மொதோ தடவ வந்தாரு.”

மறுநாள் காலையில் முறை கைக்கு வந்ததும் அவள் செய்த முதல் வேலை, நண்டுப் படத்துக்குப் பக்கத்தில் அரிசிப் படத்தைப் போட்டதுதான். ‘குழம்பு எங்க ஏரியிலேர்ந்து, சோறு எங்க அப்பா நிலத்திலேர்ந்து.’ மதியத்துக்குள் கடைக்குப் பூட்டு. அரிசி மூட்டை கொட்டகையில் அப்படியே கிடக்கிறது.

“எல்லம்மா அத்த சொல்றாங்க, மீனோட அரிசிய கலந்ததாலதான் அவன் மூடிட்டான்னு. நைனா கேட்டா நான் இன்னா சொல்வேன்? அவரு குட்த்த மூட்டையால கடையே போச்சின்னா?”

எனக்கு நண்டும் மறந்தது, சம்பந்தியும் மறந்தார்கள். “நீ அழாதே. எங்கள் வீட்டில் ஒரு வக்கீல் இருக்கிறாள், அவளை விடுகிறேன்” என்றேன். எங்கள் வீட்டு நாயை அவிழ்த்து விடுவதுபோல் சொல்லிவிட்டேன். நாத்தனார் மன்னிப்பாளாக.

ஆமாம், வத்சலாதான். என் கட்டுரைகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு அவளைத் தெரியும். என் வீட்டுக்காரரின் தங்கை. என் குழம்பில் உப்பு கூடினால்கூட ஆதாரம் கேட்கிற பிறவி. ஆனால் அடுத்தவருக்கு அநியாயம் நடந்தால் சாப்பாட்டை மறந்துவிட்டு உட்காருவாள். அதற்காகவே அவளுடைய மற்ற எல்லாவற்றையும் நான் பொறுத்துக்கொள்கிறேன். அவளும் என்னைப் பொறுத்துக்கொள்வதாக வெளியே சொல்லித் திரிகிறாளாம்.

விஷயத்தைச் சொன்னதும் முதலில் அவள் கேட்டது — “பெயர் யார் பேர்ல இருக்கு அண்ணி?”

“எந்தப் பெயர்?”

“வெப்சைட்டோட பெயர். டொமைன். கடை போர்டு அவங்களோடதா, கட்டடக்காரனோடதா?”

கன்னியம்மாவின் பெயரில்தான் இருந்தது. வத்சலாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. போர்டு நம்முடையது என்றால் பாதி பயம் போயிற்றாம். இந்தக் கட்டடக்காரன் ஒத்துவராவிட்டால் போர்டைக் கழற்றிக்கொண்டு போய் வேறு கட்டடத்தில் மாட்டலாம். மாற்றிக்கொள்ள ஒரு குறியீடு கேட்க வேண்டும், அவன் கொடுத்தாக வேண்டும். உள்ளே இருக்கிற சரக்குதான் — படங்கள், வாடிக்கையாளர் விலாசங்கள் — அதன் நகல் வெளியே இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை. “யாருமே வெச்சுக்கறதில்லை” என்று பெருமூச்சு விட்டாள்.

உங்களிடம் இருக்கிறதா? நான் இதைக் கேட்டுவிட்டு என்னுடைய பழைய கட்டுரைகளுக்கு நகல் இருக்கிறதா என்று ஓடிப்போய்ப் பார்த்தேன். இல்லை.

அடுத்தது கோபப்பட்டு மெயில் அடிக்காதே என்றாள். அந்த வெள்ளைத் திரையைப் படம் பிடி, பணம் கட்டிய ரசீதை எடு, அவன் அனுப்பிய மெயில் எல்லாவற்றையும் ஒன்றாய்ச் சேர். ஹோஸ்டிங் கம்பெனி என்பது சட்டப்படி ஓர் இடைநிலையாளர். குறைதீர்ப்பு அதிகாரி என்று ஒருவரை வைத்து, அவர் பெயரை வெளியே தெரிகிற மாதிரிப் போட வேண்டும். புகார் வந்ததும் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், குறித்த நாளுக்குள் தீர்க்கவும் வேண்டும்.

“ஒண்ணை அழுத்து ரெண்டை அழுத்துன்னு இனி யாரும் அழுத்த வேண்டாம் அண்ணி. அந்த அதிகாரிக்கு எழுதறோம். காரணம் சொல்லு, கணக்கைத் திற. திறக்க முடியாதுன்னா எங்க சரக்கைக் கொடு. மூணு வரி போதும்.”

“அவன் கண்டுக்கவில்லை என்றால்?”

“நோட்டீஸ். அதுக்கும் அசையலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம், சேவைக் குறைபாடுன்னு. கம்பெனி எந்த ஊர்ல இருந்தா என்ன, நாம இருக்கிற ஊர்லயே போடலாம். ஆன்லைன்லயே போடலாம், வக்கீல்கூட வேண்டாம்...” இந்த இடத்தில் அவள் முகம் கொஞ்சம் சுருங்கியது. தொழில் பாசம்.

ஆனால் அவர்கள் வியாபாரம் செய்கிறவர்கள் ஆயிற்றே, நுகர்வோர் என்று ஒத்துக்கொள்வார்களா? அதையும் கேட்டேன். நானும் சும்மா இல்லை. லாபத்துக்காகப் பெரிய அளவில் நடத்தினால் சிக்கல்தான். தன் பிழைப்புக்காகத் தானே உழைத்து நடத்தும் சின்னத் தொழிலுக்கு விதிவிலக்கு உண்டு என்றாள். ‘எந்தக் காரணத்துக்காகவும், எப்போது வேண்டுமானாலும் மூடுவோம்’ என்று நாம் படிக்காமல் ‘சம்மதம்’ அழுத்துகிறோமே, அந்த நிபந்தனை? நியாயமான காரணம் இல்லாமல் ஒருதலையாக முடித்துக்கொள்வது நியாயமற்ற ஒப்பந்தம் என்று சட்டமே சொல்கிறதாம். அதைக் கேள்வி கேட்க மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். நஷ்டஈடு, தடையுத்தரவு என்று சிவில் கோர்ட்டும் இருக்கிறது. “ஆனா அங்க போனா சுமதி பேத்தி எடுத்துடுவா” என்றாள்.

மூன்று வரி மெயில் போனது. மறுநாளே ‘கிடைத்தது, பரிசீலிக்கிறோம்’ என்று பதில் வந்தது. அதற்கப்புறம் கம்மென்று இருந்தார்கள். ஞாயிறு சம்பந்தி வீட்டார் கோழிக் குழம்பு சாப்பிட்டுவிட்டு, ‘நண்டுன்னு சொன்னீங்களே’ என்று சொல்லாமல் பார்த்தார்கள். விடுங்கள்.

வாரம் முடிந்தது. அடுத்த சனிக்கிழமை முறை மாற்ற வேண்டிய நாள். நோட்டீசுக்குக் கன்னியம்மாவின் கையெழுத்து வேண்டும் என்று வத்சலா கிளம்பினாள். நானும் தொற்றிக்கொண்டேன்.

ஏலக் கொட்டகையில் காலை ஏலம் முடிந்து தண்ணீர் அடித்து விட்டிருந்தார்கள். பெண்கள் கவிழ்த்த கூடைகளின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். மூலையில் அந்த அரிசி மூட்டை. அதை ஒட்டி சுமதி, யார் முகத்தையும் பார்க்காமல். எனக்கும் வத்சலாவுக்கும் டீ வந்தது. அவளுக்கு மட்டும் யாரும் கொடுக்கவில்லை. கன்னியம்மா கவனித்துவிட்டுத் தன்னுடைய கிளாஸை அவள் பக்கம் நகர்த்தினாள்.

பேச்சு ஆரம்பித்தது. சுமதியின் வாரம் வீணாகப் போயிற்று. இப்போது அவளுக்கு இன்னொரு வாரமா, இல்லை போனது போனதுதானா?

எல்லம்மா நேராக விஷயத்துக்கு வந்தாள். வயதில் மூத்தவள், பேச்சில் ஒளிவு மறைவு கிடையாது. “இதுல பேசறதுக்கு இன்னா கீது? ஏரில பாடு அன்னிக்குக் காத்து அட்ச்சா இன்னா பண்றோம்? பாடு போச்சி. அப்பால சுத்தி வர்ற வரைக்கும் குந்திகினு கெடக்கணும். இவளுக்கு மட்டும் புதுசா இன்னா?”

சுமதி தலையைத் தூக்கவில்லை. சுற்றி வர எத்தனை மாதம் ஆகும்! அதற்குள் அந்த மூட்டையில் வண்டு வைத்துவிடும். நைனா மறுபடி ஒரு மூட்டை எடுத்துக்கொண்டு வருவாரா?

வத்சலா டீயைக் கீழே வைத்தாள். “காத்து அடிச்சாப் போச்சு, சரி. போன பாட்டைத் திருப்பிக் கொடுத்ததே கிடையாதா?”

“கீது,” என்றாள் கன்னியம்மா. “எவனாவது வந்து நம்ம எடத்துல வலைய மறிச்சிப் போட்டான்னு வெச்சிக்கம்மா, அது வேற. பஞ்சாயத்து அவனக் கூப்ட்டு வெச்சிக் கேக்கும். பாட்ட திருப்பிக் குட்த்துரும். காத்துன்னா யாரப் போய்க் கேக்கறது? மறிப்புன்னா கேக்க ஆள் கீது இல்ல?”

வத்சலா என்னைப் பார்த்தாள். கேஸ் கட்டு கையில் கிடைத்தால் வரும் அதே பார்வை. பெரிய கம்பெனிகளின் ஒப்பந்தங்களிலும் இதே பிரிவு இருக்கிறதாம். ‘எங்கள் கட்டுப்பாட்டை மீறிய காரணங்கள்’ என்று. புயல், வெள்ளம், போர். அதற்கு யாரும் பொறுப்பில்லை. ஆனால் மனிதன் எடுத்த முடிவு என்றால் பொறுப்பு உண்டு. “அப்போ கேள்வி ஒண்ணுதான். இது காத்தா, மறிப்பா?” என்றாள்.

கொட்டகை இரண்டாகப் பிரிந்தது. மெஷின் தானாக மூடியிருந்தால் காத்துதான் என்றது ஒரு கட்சி. மெஷினுக்குப் பின்னால் ஒருத்தன் இல்லாமலா என்றது இன்னொரு கட்சி. அரிசி என்றது எல்லம்மா கட்சி. சத்தத்தில் கன்னியம்மாவின் மொபைல் அடித்ததே யாருக்கும் கேட்கவில்லை. நான்தான் பார்த்துச் சொன்னேன்.

ஹோஸ்டிங் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவு! உயிருள்ள மனிதன்! ஸ்பீக்கரில் போடச் சொன்னாள் வத்சலா.

“வணக்கம் மேடம். உங்க புகார் சம்பந்தமா பேசறேன். பயப்படாதீங்க. உங்க பாதுகாப்புக்காகத்தான் கணக்கை நிறுத்தினோம். உங்க வெப்சைட்டை ரொம்ப நாளா யாரோ திருடிக்கிட்டிருக்காங்க.”

“திருடறாங்களா! யாரு?”

“ஒருத்தர் இல்லை மேடம், ஒரு கூட்டமே. ஒவ்வொரு சனிக்கிழமை காலையிலும் யாரோ புதுப் போன்லேர்ந்து உள்ளே வர்றாங்க. வந்ததும் பாஸ்வேர்டை மாத்தறாங்க. பழைய ஆளை வெளியே தள்ளிடறாங்க. அடுத்த சனிக்கிழமை இன்னொருத்தர் வந்து இவங்களைத் தள்ளறாங்க. இப்படி ஒரு திருட்டை எங்க டீம் பார்த்ததே இல்லை.”

பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

“தம்பி,” என்றாள் கன்னியம்மா மெதுவாக. அவள் குரல் அவ்வளவு மெதுவாக வரும் என்று எனக்கு அன்றுதான் தெரியும். “அந்த இன்னொருத்தர் பேரு எல்லம்மா. இங்கதான் குந்திகினு கீறாங்க. அது திருட்டு இல்லப்பா. அது எங்க பாடு.”

“புரியலை மேடம்.”

“மொறை மாறினா பழசு கொம்பப் புடுங்கணும், புதுசு கொம்ப ஊனணும். இல்லன்னா போன வாரத்துக்காரி இந்த வாரம் கைய வெப்பா, சண்டை வரும். அதான் பாஸ்வேர்ட மாத்திடணும்னு சட்டம் போட்டோம்... நான்தான் போட்டேன்.”

அந்தப் பக்கம் சிரிப்பை அடக்குகிற சத்தம். “அப்போ அத்தனை பேரும் உங்க ஆளுங்களா மேடம்? எங்க சிஸ்டம் எண்ணிக்கிட்டே வந்திருக்கு. ஒரு அளவைத் தாண்டினதும் தானா மூடிடுச்சு. அன்னைக்கு அந்த அளவு முடிஞ்சுது, அவ்வளவுதான். யாரோட வாரமா இருந்திருந்தாலும் மூடியிருக்கும்.”

சுமதி எழுந்து வந்துவிட்டாள். மொபைலுக்கு மிக அருகில் குனிந்து கேட்டாள்.

“சார்... அரிசி போட்டதாலயா மூடினீங்க?”

“எந்த அரிசி மேடம்?”

அவ்வளவுதான். சுமதி அங்கேயே அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. இரண்டும் என்று நினைக்கிறேன். எனக்கும் கண் கலங்கிவிட்டது. என் பக்கத்திலிருந்த வத்சலா, கோர்ட்டில் கல்லு மாதிரி நிற்பவள், மூக்கை உறிஞ்சியதை நான் பார்த்தேன். வீட்டில் சொன்னால் மறுப்பாள்.

உறிஞ்சிய கையோடு மொபைலைப் பிடுங்கிக்கொண்டாள். “சரி தம்பி, சந்தேகம் வந்தது நியாயம். மூடறதுக்கு முன்னாடி இதே மாதிரி ஒரு போன் பண்ணியிருக்கலாம் இல்ல? காரணம் சொல்லாம ஒரு வெள்ளைத் திரை போட்டா, ஒரு பொண்ணு வாரம் பூரா தன்னால போச்சுன்னு அழுதிருக்கா. அதுக்கு உங்க நிபந்தனையில எந்தப் பிரிவு?” அந்தப் பையன் பாவம், மன்னிப்புக் கேட்டான். திங்கட்கிழமைக்குள் திறந்துவிடுவோம், ஒவ்வொருவருக்கும் தனித்தனி லாகின் போட்டுத் தருகிறோம், உள்ளே இருப்பதற்கெல்லாம் ஒரு நகலும் தருகிறோம் என்றான். மூன்றையும் எழுத்தில் அனுப்பச் சொல்லிவிட்டுத்தான் வைத்தாள். நோட்டீஸ் பைக்குள்ளேயே இருந்தது. “கேஸ் போடவே விடலையே அண்ணி” என்று என் காதில் குறைப்பட்டுக்கொண்டாள்.

இனி தீர்ப்பு. காத்தா, மறிப்பா?

எல்லோரும் கன்னியம்மாவைப் பார்த்தார்கள். அவள் கூடையை விட்டு எழுந்து புடவையை உதறிக்கொண்டாள்.

“காத்து இல்ல. மறிச்சது பாதி அவன், மீதி நானு. பாஸ்வேர்ட மாத்துன்னு சொன்னவ நான்தான? மறிச்சவதான் பாட்ட திருப்பிக் குட்க்கணும். இன்னிலேர்ந்து என் மொறை. அத்த சுமதி எட்த்துக்கட்டும். என்து அப்பால சுத்தி வர்றப்போ வரட்டும்.”

எல்லம்மா விடவில்லை. “அரிசியுமா போடுவா?”

“பின்ன? நீ இன்னா, மீன வெறுங்கொழம்பாவா குடிக்கிற?”

முதலில் சிரித்தது எல்லம்மாதான். சிரித்துக்கொண்டே எழுந்து போய் சுமதிக்குத் தன் கையால் ஒரு டீ கொண்டுவந்து கொடுத்தாள். அந்தக் கரையில் மன்னிப்பு இப்படித்தான் கேட்பார்கள் போலிருக்கிறது. எங்கள் வீட்டில் அதுகூடக் கிடையாது.

திங்கட்கிழமை கடை திறந்தது. அந்த வார ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வேன் வந்தது, கூடவே சுமதியும் வந்தாள். ஒரு பெட்டி நண்டு, ஒரு பை அரிசி. அரிசி நானும் ஆர்டர் போட்டிருந்தேன், போடாமல் இருப்பேனா? இறக்கி வைத்துவிட்டு நின்றாள். அவள் முகத்தைப் பார்த்தாலே ஏதோ சொல்ல வந்திருக்கிறாள் என்று தெரிந்தது.

“மூட்டை முடிஞ்சி போச்சிக்கா. அம்மாகிட்ட சொன்னேன். நேத்து நைனா இன்னொரு மூட்டை எட்த்துகினு வந்தாரு.”

“பேசினாரா?”

“பேசல...” உதட்டைக் கடித்துக்கொண்டாள். “ஆனா வண்டிய ஆஃப் பண்ணாருக்கா. ஸ்டாண்ட் போட்டாரு. உள்ள வந்து குந்தினாரு. நண்டுக் கொழம்பு ஊத்தினேன். ரெண்டாவது தடவ சோறு கேட்டாரு.”

அன்றைக்குச் சாயங்காலம் வத்சலாவுக்குப் போன் போட்டு இதை அப்படியே சொன்னேன்.

“அண்ணி,” என்றாள், “இப்பதான் கேஸ் ஜெயிச்சிருக்கு.”